பெட்டிச் சாவியும் முகவரும்



தன் பணத்தைத் தானே எண்ணிச் செலவிடுகிறவனுக்குக் கணக்கன் வேண்டியதில்லை. தொழில் பெருகி, ஊர் கடந்து, கடல் கடந்து செல்லும்போதுதான், ‘என் பெயரால் நீ கொடு, என் பெயரால் நீ வாங்கு’ என்று ஒருவர் மற்றொருவரிடம் ஒப்படைக்க நேருகிறது. அங்கே ஒரு பழைய வினா எழுகிறது. உரிமையைக் கைவிடாமல் வேலையை மட்டும் ஒப்படைப்பது எவ்வாறு? இவ்வினாவின் வரலாற்றையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். வேலையை ஏற்பவர் மனிதராகவே இருக்க வேண்டும் என்ற நிலை இன்று மாறிவிட்டது. கணிப்பொறியில் இயங்கும் செயற்கை நுண்ணறிவு முகவரிடமும் மக்கள் தம் கிரிப்டோ நாணயப் பணப்பையை ஒப்படைக்கத் தொடங்கியுள்ளனர். ஆதலால் பழைய வினா புதிய உருவில் நம் வாயிலில் வந்து நிற்கிறது.

முதலில் நம்மவர் செய்ததை நோக்குவோம். 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் வட்டிக்கடை நடத்தினர். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடையை நடத்துபவர் அவருடைய ஏஜெண்டு. அவர் ஒரே நாளில் அப்பதவிக்கு வந்தவர் அல்லர். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாக உயர்ந்து, தொழிலின் நுட்பங்களைக் கற்ற பின்னரே அப்பொறுப்பை அடைவார். அவருக்கு எழுத்தில் அதிகாரப் பத்திரம் உண்டு. பெரும்பாலும் தவணை மூன்றாண்டு. கணக்கும் கடிதமும் ஊருக்கு வந்துகொண்டே இருக்கும். தவணை முடிந்ததும் அடுத்தவர் வந்து கணக்கை ஏற்றுக்கொள்வார். இம்முறையில் நான்கு காப்புகள் அமைந்திருப்பதைக் கவனியுங்கள்: எழுதிய அதிகாரம், வரையறுத்த காலம், இடையறாத கணக்கு, திரும்பப் பெறும் உரிமை. ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. ஏஜெண்டுக்கு ஊரில் குடும்பமும் பெயரும் இருந்தன. தவறினால் அவர் இழப்பது வேலையை மட்டுமன்று.

சட்டமும் இவ்வுறவை வரையறுத்தது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 182ஆம் பிரிவு, முகவர் இன்னார் என்பதைச் சொல்கிறது. 184ஆம் பிரிவு மிகவும் சிந்திக்கத்தக்கது. வெளியாரைப் பொறுத்தவரை எவரும் முகவர் ஆகலாம். ஆனால் வயது நிரம்பாதவரும் தெளிந்த மனநிலை இல்லாதவரும் தம்மை அமர்த்தியவருக்குப் பொறுப்பாளி ஆகமாட்டார் என்பது அதன் கருத்து. சிறுவன் ஒருவனைக் கடைக்கு அனுப்பலாம். அவன் செய்த பேரம் உங்களைக் கட்டுப்படுத்தும். நட்டம் நேர்ந்தால், அதனை முகவரின் பொறுப்பு என்று அவன்மீது சுமத்த முடியாது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப் புதிய பணப்பையின் கதைக்கு வருவோம். 1976ஆம் ஆண்டில் விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், பொதுத் திறவுகோல் முறை பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். ஒருவரிடம் இரு திறவுகோல்கள் இருக்கும். ஒன்றை ஊரறியச் சொல்லலாம். மற்றொன்றை மறைத்துக் காக்க வேண்டும். மறைவான திறவுகோலால் இட்ட கையொப்பத்தை, பொதுத் திறவுகோலைக் கொண்டு எவரும் சரிபார்க்கலாம். இவ்வடித்தளத்தின்மீதே, சத்தோசி நகமோட்டோ என்னும் புனைபெயர் கொண்டவர் 2008 அக்டோபரில் பிட்காயின் பற்றிய திட்டத்தை வெளியிட்டார். 2009 சனவரியில் அது செயலுக்கு வந்தது.

கிரிப்டோ பணப்பை என்பது பொருத்தமான பெயர் அன்று. அதனுள் நாணயம் எதுவும் இல்லை. யாருக்கு எவ்வளவு என்னும் பேரேடு உலகெங்கும் உள்ள கணிப்பொறிகளில் இருக்கிறது. பையில் இருப்பது திறவுகோல் மட்டுமே. அதாவது, 78 இலக்கம் வரை நீளக்கூடிய ஓர் எண். அவ்வெண்ணை அறிந்தவர் எவரோ அவரே பேரேட்டின் கண்ணில் உரிமையாளர். முறையிட வங்கி மேலாளர் இல்லை; செலவை நிறுத்த ஆணையிடுவாரும் இல்லை. திறவுகோலை மற்றவரிடம் கொடுப்பது உரிமையையே கொடுப்பதற்கு ஒப்பாகும். 2014ஆம் ஆண்டில் டோக்கியோவில் இருந்த மவுண்ட் காக்ஸ் என்னும் மாற்றுச் சந்தை முறிந்தபோது, ஏறத்தாழ 8,50,000 பிட்காயின்கள் காணவில்லை என்று அறிவிக்கப்பட்டது. அவற்றுள் 2,00,000 பின்னர் அகப்பட்டன. தம் பணத்திற்கான திறவுகோலை அச்சந்தையிடம் விட்டுவைத்தவர்கள் பல்லாண்டுகள் காத்துக் கிடந்தனர்.

இத்துன்பத்திற்கு மருந்து தேடியவர்கள் பழைய இரட்டைப் பூட்டின் கருத்தையே கையாண்டனர். மூன்று திறவுகோல்களுள் இரண்டு சேர்ந்தாலன்றிப் பணம் நகராது என்னும் பலர் கையொப்ப முறை, 2012ஆம் ஆண்டில் பிட்காயினில் எளிதாகப் பயன்படும் நிலையை எய்தியது. 2015 சூலை 30இல் ஈத்தீரியம் தொடங்கியது. அதன் பேரேட்டிலேயே நிபந்தனைகளை நிரலாக எழுதிவைக்கலாம். ‘ஒரு நாளைக்கு இவ்வளவுதான், இன்னாருக்கு மட்டுந்தான்’ என்று எழுதினால், பேரேடே அந்த வரம்பைக் காக்கும். எனினும் நிபந்தனையை எழுதுபவரும் மனிதர்தாமே! 2016 சூனில் ‘டாவோ’ என்னும் பொது முதலீட்டு நிதியின் நிரலில் இருந்த ஒரு பிழையின் வழியாக, ஏறத்தாழ 36 இலட்சம் ஈதர் நாணயங்கள் வெளியேற்றப்பட்டன. அவற்றை மீட்பதற்காக, அடுத்த மாதம் பேரேட்டையே இரண்டாகப் பிரிக்க நேர்ந்தது. பிழையாக எழுதிய பத்திரம் பூட்டாமல் விட்ட கதவு என்பதை உலகம் அன்று கண்டது.

செயற்கை நுண்ணறிவு முகவர் இந்நிலையில்தான் வந்து சேருகிறார். அவருக்குக் கிரிப்டோ பணப்பை ஏன் என்று நீங்கள் கேட்கலாம். வங்கியில் கணக்குத் தொடங்க ஆள் அடையாளம் வேண்டும். நிரலுக்கு அது கிடையாது. திறவுகோலையோ எந்தப் பொறியும் வைத்திருக்கலாம். இணைய விதிமுறைகளில் ‘பணம் செலுத்த வேண்டும்’ என்னும் பொருள் தரும் 402 என்ற எண், 1990களிலேயே எதிர்காலத்திற்கென ஒதுக்கப்பட்டிருந்தது. 2025 மே மாதம் காயின்பேஸ் நிறுவனம் அவ்வெண்ணின் பெயராலேயே, பொறிகள் தாமே பணம் செலுத்தும் ஒரு முறையை அறிவித்தது.

2024 நவம்பரில் நடந்த ஒரு சோதனையை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். ஃப்ரெய்சா என்னும் செயற்கை நுண்ணறிவு முகவரிடம் ஒரு பணப்பையை ஒப்படைத்து, ‘எக்காரணத்தாலும் எவருக்கும் கொடுக்காதே’ என்று கட்டளையிட்டனர். கட்டணம் செலுத்தி எவரும் அதனோடு பேசிப் பார்க்கலாம். கொடுக்க இசையவைத்தால் பணம் அவருக்கே. 481 முயற்சிகள் தோற்றன. அடுத்துப் பேசியவர், பணம் வெளியே செல்வதற்கான செயலைப் பணம் உள்ளே வருவதற்கானது என்று அதனை நம்பவைத்தார். பின்னர், தாம் 100 டாலர் நன்கொடை தர விரும்புவதாகச் சொன்னார். முகவர் மகிழ்வோடு ஒப்புதல் அளித்தது. ஏறத்தாழ 47,000 டாலர் அவரிடம் சென்றது. அம்முகவர் திருடவில்லை, ஏமாந்தது.

இச்செய்தியைப் படித்தபோது என் நெஞ்சில் ஒரு பழைய நாள் நிழலாடியது. நான் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற தொடக்க ஆண்டுகளில், என் தாயார் நோயுற்றமையால் பத்து நாள் ஊருக்குச் செல்ல நேர்ந்தது. மாணவர் உதவித்தொகை தடைப்படலாகாது என்று எண்ணி, மூன்று காசோலைகளில் கையொப்பம் மட்டும் இட்டு எழுத்தரிடம் கொடுத்துச் சென்றேன். அவர் என்னினும் மூத்தவர், அப்பழுக்கற்றவர். நான் இல்லாத வேளையில் ஒருவன் என் கையெழுத்தைப் போன்ற கடிதத்துடன் வந்து, நூல்கள் வாங்கிய வகையில் தரவேண்டிய தொகை என்று சொல்லி, ரூ.14,000க்குக் காசோலை பெற்றுச் சென்றுவிட்டான். அது 28 பிள்ளைகளின் பணம்.

நான் திரும்பியபோது எழுத்தர் கண்ணீரோடு நின்றார். “ஐயா, நான் ஏமாந்துவிட்டேன். என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்” என்றார். “காசோலையில் உள்ளது என் கையொப்பம். தொகையை எழுதாமல் விட்டவனும் நானே. கடன் என்னுடையது, ஐயா” என்று சொன்னேன். சேமநிதியில் கடன் பெற்று அத்தொகையைக் கட்டினேன். ஆனால் அதற்குள் இரண்டு மாதம் கழிந்துவிட்டது. அவ்விடைவெளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் செங்கற்சூளை வேலைக்குப் போய்விட்டான். இருமுறை அவன் வீடு தேடிச் சென்றேன்; அவன் திரும்பவில்லை. பணம் மீண்டது, அப்பிள்ளையின் படிப்பு மீளவில்லை. நேர்மையானவரிடம் ஒப்படைத்தால் போதும் என்று நான் கருதியிருந்தேன். நேர்மை திருட்டைத் தடுக்கும், ஏமாற்றத்தைத் தடுக்காது. அதனைத் தடுப்பது, ஒப்படைப்பவர் வகுக்கும் வரம்பே.

ஆகவே, இன்றைய அறிஞர்கள் முகவரிடம் வரம்பைச் சொல்லி வைப்பதோடு நிற்பதில்லை. முகவரால் மீற முடியாத இடத்தில் அதனை எழுதிவைக்கின்றனர். 2023 மார்ச்சில் ஈத்தீரியத்தில் செயலுக்கு வந்த ஈஆர்சி 4337 என்னும் ஏற்பாடும், 2025 மே 7இல் நிகழ்ந்த பெக்ட்ரா மேம்பாடும் இதற்கு வழி செய்தன. உரிமையாளர் தலைமைத் திறவுகோலைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார். முகவருக்குத் தருவது சில மணி நேரத்திலோ சில நாளிலோ காலாவதியாகும் சிறு திறவுகோல். இவ்வளவு தொகைக்குள், இன்ன இடங்களுக்கு மட்டுமே அது செல்லும். தொகை மிகுந்தால் உரிமையாளரின் கையொப்பம் வேண்டும். ஐயம் தோன்றினால் அச்சிறு திறவுகோலை நொடியில் செல்லாததாக்கலாம். முகவரை எவரேனும் பேசி மயக்கினாலும், வரம்புக்குட்பட்ட சிறுதொகை போகுமே தவிர, பெட்டி காலியாகாது. 2025 செப்டம்பரில் கூகுள் நிறுவனம் அறிவித்த முகவர் கட்டண நெறிமுறையும், உரிமையாளர் கையொப்பமிட்ட ஆணைப் பத்திரத்தையே அடிப்படையாகக் கொண்டுள்ளது. செட்டிநாட்டு முதலாளியின் நான்கு காப்புகளும் புதிய ஆடை உடுத்து வந்திருப்பதை நீங்கள் காணலாம்.

ஆயினும், மனிதர் கையொப்பம் இருந்தாலே காவல் என்று எண்ணி உறங்கலாகாது. 2025 பிப்ரவரியில் பைபிட் என்னும் சந்தையிலிருந்து ஏறத்தாழ 150 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவாடப்பட்டன. அங்கே பலர் கையொப்ப முறை இருந்தது, பொறுப்பாளர்களும் கையொப்பமிட்டனர். ஆனால் அவர்கள் திரையில் கண்டது ஒன்று, கையொப்பமிட்டது மற்றொன்று. திரையைக் காட்டிய நிரலையே திருடர்கள் மாற்றியிருந்தனர். எதில் கையொப்பமிடுகிறோம் என்று அறியாமல் இடும் கையொப்பம் வெற்றுக் காசோலையே ஆகும்.

இனி, 184ஆம் பிரிவை மீண்டும் நினையுங்கள். செட்டிநாட்டு ஏஜெண்டிடம் இருந்த ஐந்தாவது காப்பு பொறியிடம் இல்லை. அதற்கு ஊர் இல்லை. பெயர் கெடுமே என்ற அச்சமும் இல்லை. அதனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இயலாது. அதனால், ஒப்படைப்பவரின் பொறுப்பு இரு மடங்காகிறது. உங்களுள் சிலர் நாளை இத்தகைய பணப்பைகளுக்கு நிரல் எழுதுவீர்கள். பலர் பிறர் பணத்திற்குக் காவலராக அமர்வீர்கள். எதனையும் ஒப்படைக்குமுன், எவ்வளவு, எதற்கு, எத்தனை நாளுக்கு, எவ்வாறு திரும்பப் பெறுவது என்னும் நான்கினையும் எழுதிவிட்டு, அதன்பின் கையொப்பமிடுங்கள். எழுதாமல் விட்ட ஓர் இடத்திற்காக ஒரு பிள்ளையின் படிப்பை விலையாகக் கொடுத்தவன் சொல்வதாக இதனை ஏற்றுக்கொள்ளுங்கள்.