இரண்டு கணினிகளுக்கு நடுவே ஒரு கேபிள்

மடிக்கணினி புழக்கத்துக்கு வந்த 1980களில், மேசைக் கணினியில் இருக்கும் கோப்பை அதில் ஏற்றுவது பெரும்பாடாக இருந்தது. ஒன்றில் 5.25 அங்குல ஃப்ளாப்பி, மற்றொன்றில் 3.5 அங்குல ஃப்ளாப்பி. இது அதில் நுழையாது. அமெரிக்காவின் டிராவலிங் சாஃப்ட்வேர் நிறுவனம் 'லேப்லிங்க்' என்ற மென்பொருளையும் அதற்கான கேபிளையும் விற்று இந்தத் தலைவலியைத் தீர்த்தது. கேபிளின் சூட்சுமம் எளிது. ஒரு கணினி அனுப்புவது மறு கணினியின் பெறும் பின்னுக்குப் போய்ச் சேரும்படி உள்ளே கம்பிகளை மாற்றிக் கட்டியிருப்பார்கள். பிறகு எம்எஸ்-டாஸ் 6, விண்டோஸ் 95 ஆகியவற்றில் மைக்ரோசாஃப்ட்டே இந்த வசதியைச் சேர்த்துக் கொடுத்தது.

அந்நாளில் கணினியின் முதுகுப்பக்கம் கீபோர்டு, மவுஸ், மோடம், பிரிண்டர் என ஒவ்வொன்றுக்கும் ஒரு போர்ட் இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே போர்ட் போதும் என்று முனைந்தவர்களில் முக்கியமானவர் இன்டெல்லில் பணியாற்றிய அஜய் பட், பரோடாவில் படித்தவர். இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐபிஎம், காம்பேக் உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் கைகோத்து 1996 ஜனவரியில் யுஎஸ்பி 1.0 தரத்தை வெளியிட்டன. 1998இல் ஆப்பிளின் ஐமேக் பழைய போர்ட்களை உதறிவிட்டு யுஎஸ்பியோடு வந்தது.

எல்லாம் சுலபமானது. கணினியோடு கணினியை இணைப்பது மட்டும் கடினமாயிற்று.

காரணம் அடிப்படை விதியிலேயே இருக்கிறது. யுஎஸ்பியில் ஒரு முனை கட்டளையிடும், மறுமுனை பதில் சொல்லும். தட்டையான டைப்-ஏ போர்ட் கட்டளையிடும் கணினிக்கு. சதுரமான டைப்-பி போர்ட் பிரிண்டர் போன்ற கருவிக்கு. தவறாகச் செருக முடியாதபடி வடிவமே காவல் காத்தது. டைப்-ஏ பிளக்கின் உள்ளே பார்த்தால் நான்கு தகடுகள் தெரியும். ஓரத்து இரண்டும் மின்சாரத்துக்கு, நடுவில் இரண்டும் டேட்டாவுக்கு. செருகும்போது மின்சாரம் முதலில் சேரட்டும் என்று ஓரத்துத் தகடுகளைச் சற்று நீளமாக வைத்திருப்பார்கள்.

இரு முனையிலும் டைப்-ஏ உள்ள சாதாரணக் கேபிளால் இரண்டு கணினிகளை இணைத்தால் இரண்டுமே 5 வோல்ட்டை அனுப்பும், போர்ட் பழுதாகலாம். கோப்பும் போகாது. இதற்கென்றே நடுவில் ஒரு சிப் பொருத்திய 'பிரிட்ஜ்' கேபிள்கள் வந்தன. கேபிளின் இடையில் புடைத்து நிற்கும் சிறு பெட்டிதான் அடையாளம். இரு கணினிகளுக்கும் அந்தச் சிப் ஒரு கருவியாகவே தெரியும். விண்டோஸ் விஸ்டா காலத்தில் பழைய கணினியைக் காலி செய்து புதியதற்குக் குடிபெயர்ந்தவர்களுக்கு இது பெரிதும் கைகொடுத்தது.

வேகமும் வளர்ந்தது. தொடக்கத்தில் நொடிக்கு அதிகபட்சம் 12 மெகாபிட். 2000இல் யுஎஸ்பி 2.0 அதை 480 ஆக்கியது. 2008இல் வந்த 3.0, 5 கூடுதல் பின்களோடு 5 கிகாபிட்டைத் தொட்டது. போர்ட்டின் உள்ளே நீல நிற பிளாஸ்டிக், அருகே 'எஸ்எஸ்' எழுத்துகள் என்று பார்த்தவுடன் கண்டுகொள்ளலாம், எல்லாத் தயாரிப்பாளர்களும் இதைப் பின்பற்றாவிட்டாலும். கேமராக்களுக்கு மினி, கைபேசிகளுக்கு மைக்ரோ எனச் சிறிய பிளக்குகளும் பெருகின.

2014இல் வந்த டைப்-சி அந்த வடிவக் காவலை எடுத்துவிட்டது. 24 பின்கள், எப்படித் திருப்பிச் செருகினாலும் சேரும், இரு முனையும் ஒன்றே. எது கட்டளையிடுவது என்பதைக் கருவிகளே பேசி முடிவு செய்துகொள்ளும். ஆனால் வெளித்தோற்றம் ஒன்றாகிவிட்டதால் வேற்றுமையெல்லாம் உள்ளே ஒளிந்துகொண்டது. கைபேசியோடு வரும் டைப்-சி கேபிள்கள் பலவற்றில் யுஎஸ்பி 2.0 கம்பிகள் மட்டுமே இருக்கும். அதே தோற்றமுள்ள இன்னொன்று 40 கிகாபிட் கடத்தும். இரண்டு மடிக்கணினிகளை இணைத்தாலும், பழைய டைப்-சி போர்ட் என்றால் சார்ஜ் ஏறுவதோடு சரி.

2019இல் வெளியான யுஎஸ்பி4 தரம், கணினிக்கும் கணினிக்கும் நேரடி இணைப்பை விதியிலேயே சேர்த்தது. இயங்குதளம் ஆதரித்தால் இரண்டும் ஒரு குட்டி நெட்வொர்க்காக இணைந்துவிடும். இதே வசதி தரும் தண்டர்போல்ட் என்ற போர்ட் வகை என்றால் அருகில் மின்னல் குறி இருக்கும். யுஎஸ்பி4 கேபிளைக் கண்டுகொள்ள, பிளக்கின் மேல் 20, 40, 80 என்று வேகம் அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சான்று பெற்ற கேபிள்களில் அந்த எண் இருக்கும்.