எல்லைக் கோடும் கள்ளப் பாதையும்

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் பேருந்தில் செல்லும் மாணவர்கள் ஒரு விந்தையைக் கண்டிருப்பர். சிறிது தூரம் புதுவை ஆட்சிப்பகுதி, அடுத்துத் தமிழ்நாட்டு ஊர்கள், மீண்டும் புதுவை. நெல் வயல் ஒன்றே, நீர் பாயும் வாய்க்கால் ஒன்றே, மக்கள் பேசும் மொழியும் ஒன்றே. ஆயினும் வரப்பின் இப்புறம் ஓர் ஆட்சி, அப்புறம் வேறோர் ஆட்சி. ஐரோப்பிய வல்லரசுகள் இரண்டு நம் நாட்டில் போரிட்டு, உடன்படிக்கை செய்து, ஊர்களைப் பங்கிட்டுக் கொண்டதன் அடையாளம் இது.

கிழிந்த துணியில் நூல் பிரிவது தையல் வழியேதான். நாட்டில் கள்ளக் கடத்தல் தோன்றுவதும் அவ்வாறே. ஆட்சியின் கை தளர்ந்த இடமே அதற்கு வழி. அவ்வழி எவ்வாறு உண்டாகிறது, எவ்வாறு அடைபடுகிறது என்பதற்குப் புதுவையின் வரலாற்றைவிடச் சிறந்த பாடம் கிடைப்பதரிது.

நெப்போலியனோடு நடந்த போர்களில் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியை இழந்திருந்தனர். அதனைத் திரும்பப் பெறும் காலத்தில், 1815-ஆம் ஆண்டு மார்ச்சு 7-ஆம் நாள், லண்டனில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன் பொருள் இரண்டே: ஒன்று உப்பு, மற்றொன்று அபினி. பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பில், உள்ளூர்த் தேவைக்குப் போக எஞ்சியதை வாங்கும் தனியுரிமை ஆங்கிலக் கம்பெனியைச் சேர்ந்தது. அதற்கு ஈடாக ஆண்டுதோறும் 4 லட்சம் சிக்கா ரூபாய் பிரெஞ்சு அரசுக்குத் தரப்பட்டது. கல்கத்தா ஏலத்தின் சராசரி விலையில், ஆண்டுக்கு 300 பெட்டிகள் வரை அபினி பெறும் உரிமையும் பிரெஞ்சுக்காரருக்கு வழங்கப்பட்டது. 1818-இல் செய்த மற்றோர் உடன்படிக்கையால் பிரெஞ்சுப் பகுதியின் உப்பளங்களே மூடப்பட்டன. உப்பள உரிமையாளருக்கு ஆண்டுக்கு 4,000 வராகன் இழப்பீடாகக் கிடைத்தது.

இன்று நாம் போதைப்பொருளென வெறுக்கும் அபினி, அன்று இரு பேரரசுகள் தம்முள் முறையாகப் பங்கிட்டுக் கொண்ட வாணிபப் பண்டம் என்பதை மாணவர்கள் மறத்தலாகாது. அக்காலச் சட்டம் தேடியது மக்களின் உடல்நலத்தையன்று; அரசின் வருவாயையே தேடியது. அனுமதி பெற்றவன் விற்றால் அது வாணிபம். பெறாதவன் விற்றால் கடத்தல்.

அதனால் விளைந்தது என்ன? ஒரே பண்டத்துக்கு வரப்பின் இருபுறமும் இரு விலை உண்டாயிற்று. புதுவை சுங்கமில்லாத துறைமுகம். சுற்றிலும் இருந்த ஆங்கிலப் பகுதியிலோ சுங்கம் உண்டு. 1844-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழும், பின்னர் 1924-ஆம் ஆண்டு நிலச் சுங்கச் சட்டத்தின்கீழும் எல்லையெங்கும் சாவடிகள் காவல் புரிந்தன. எனினும், துண்டு துண்டாகச் சிதறிய நிலத்தில் ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையையும் யார் காப்பது? சந்தைக்குச் செல்லும் உழவனையும் சரக்கைச் சுமக்கும் கூலியையும் சாவடிச் சேவகன் ஒரே கண்ணால் நோக்கினான்.

காவலால் மட்டும் கடத்தலை ஒழிக்கலாம் என்ற எண்ணத்தை அதன் எல்லைவரை சென்று ஆங்கிலேயர் வடநாட்டில் சோதித்தும் பார்த்தனர். உப்பு வரி ஏற்றத்தாழ்வாக இருந்தமையால், சிந்து நதியிலிருந்து மகாநதிவரை ஏறக்குறைய 2,300 மைல் நீளத்துக்குச் சுங்க எல்லை வகுத்தனர். கருவேல், இலந்தை, கிளா, சப்பாத்திக் கள்ளி ஆகியவற்றை நட்டு, அதன் பெரும்பகுதியில் முள்வேலி வளர்த்தனர். அதனைக் காக்க ஏறக்குறைய 12,000 பேர் அமர்த்தப்பட்டனர். அப்போதும் கடத்தல் நிற்கவில்லை. உப்பு விளையும் இடங்கள் ஒரே ஆட்சியின் பொறுப்பில் வந்து, வரியும் பெரும்பாலும் சமமாக்கப்பட்ட பிறகே, 1879-இல் அவ்வேலி கைவிடப்பட்டது. முள்ளால் முடியாததை நேர்செய்த வரி முடித்தது.

புதுவையிலும் இதே கதை நிகழ்ந்தது. 1941-இல் ஏற்பட்ட சுங்க ஒப்பந்தத்தால் இருபகுதிகளின் சுங்கம் இணைக்கப்பட்டது. இந்தியா விடுதலை பெற்ற பின், 1949-இல் அவ்வொப்பந்தம் முடிவுற்றது. சாவடிகள் மீண்டும் எழுந்தன. பொன்னும் வைரமும் கைக்கடிகாரமும் கள்ளத்தனமாக எல்லை தாண்டின. 1948 அக்டோபர் 2 முதல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு அமலில் இருந்தது. புதுவையிலோ மதுக்கடைகள் திறந்திருந்தன. ஆகவே சாராயமும் எல்லை கடந்தது. 1954 அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படியும் இணைப்பு நிறைவுற்றது. சுங்கச் சாவடிகள் பொருளிழந்தன. ஆயினும் சாராய விலை இருபுறமும் வேறுபட்டே நின்றமையால், அக்கடத்தல் மட்டும் அற்றுப்போகவில்லை. எந்த வேற்றுமை நீங்கிற்றோ அந்தக் கடத்தலே நீங்கிற்று.

இனி, போதைப்பொருள் பற்றிய கேள்விக்கு வருவோம். வரியைச் சமமாக்கிக் கஞ்சாக் கடத்தலை ஒழிக்க இயலாது; அது விலக்கப்பட்ட பண்டம். மேலும், அதன் கள்ளப் பாதை இரு அரசுகளின் எல்லையில் தொடங்குவதில்லை. ஆட்சியின் கண் எட்டாத காட்டில் தொடங்குகிறது.

1893-இல் ஆங்கில அரசு அமைத்த கஞ்சா விசாரணைக் குழு ஆயிரத்துக்கு மேற்பட்டோரிடம் சாட்சியம் பெற்றது. முழுத்தடை வேண்டாம், உரிமமும் வரியும் விதித்துக் கட்டுப்படுத்தினால் போதும் என்பது அதன் முடிவு. நம் பக்கத்து ஜவ்வாது மலையும் அக்காலத்தில் கஞ்சா பயிரான இடங்களுள் ஒன்று. விடுதலைக்குப் பின் நிலைமை மாறிற்று. 1961-ஆம் ஆண்டின் உலக ஒப்பந்தத்தை ஏற்ற இந்தியா, 1985-இல் போதைப்பொருள் சட்டத்தை இயற்றியது. மறு ஆண்டு மத்திய போதைப்பொருள் கட்டுப்பாட்டுத் துறையை நிறுவியது.

இச்சட்டத்தில் நுட்பமான ஒரு விதி உண்டு. தன் நிலத்தில் சட்டவிரோதமாக இச்செடி பயிராவதை அறிந்த நிலவுடைமையாளன், உடனே அதிகாரிக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவன். தவறினால் தண்டனை உண்டு. ஊரில் இவ்விதி நன்கு செல்லும். காட்டிலோ? அங்கே நிலத்துக்குடையவர் அரசு. அரசின் கண்ணோ பல கல் தொலைவில் உள்ளது. எல்லாருக்கும் உரிய நிலம் எவருடைய காவலுமற்ற நிலமாகிவிடுகிறது. கடத்தல்காரன் பொதுக்காட்டைத் தேடிச் செல்வதன் காரணம் இதுவே. தன் நிலமெனில் பறிமுதலாகவும் கூடும். காடெனில் அவன் இழப்பது விதையும் கூலியும் மட்டுமே. மரங்களை வெட்டி, ஓடை நீரைத் திருப்பி அவன் செய்யும் கேட்டை நாடு சுமக்கிறது.

ஆந்திர, ஒடிசா எல்லையிலுள்ள கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் இதற்கு இன்றைய சான்று. வெளியூர் வணிகர் முன்பணம் தர, சாலையும் சந்தையுமற்ற மலைவாழ் மக்கள் பயிரிடுகின்றனர். 2021-இல் ஆந்திரக் காவல்துறை ஆயிரக்கணக்கான ஏக்கர் பயிரை அழித்தது. அதனோடு நில்லாமல், மலைமக்களுக்கு மாற்றுப் பயிர்களைத் தரும் முயற்சியும் நடைபெற்றது. அரக்குப் பள்ளத்தாக்கில் காப்பியும் மிளகும் விளைகின்றன. செடியை வெட்டினால் அடுத்த பருவத்தில் மீண்டும் முளைக்கும்; நேர்மையான விளைச்சலுக்கு விலை கிடைக்குமாயின், முன்பணத்தோடு வரும் வணிகனின் வலிமை குன்றும். காட்டில் வாழ்வோர் அரசைத் தம்முடையதென எண்ணும்போது, எந்த முள்வேலியும் தர இயலாத காவல் அங்கே அமைந்துவிடும்.

மலையில் தொடங்கும் பாதை முடிவது எங்கே? கல்லூரிகளும் விடுதிகளும் உள்ள நகரங்களில். அன்று சாவடியில் அகப்பட்டவன் தலையில் சுமந்த கூலி, பணமிட்டவன் வீட்டிலிருந்தான். இன்றும் அதுவே நிலை. சிறு தொகைக்காகப் பையைச் சுமக்க இசையும் இளைஞன் சட்டத்தை அறியான். 20 கிலோவுக்கு மேற்பட்ட கஞ்சாவுடன் பிடிபட்டுக் குற்றம் உறுதியானால், குறைந்தது 10 ஆண்டு கடுங்காவல் தண்டனை உண்டு. அதே சட்டம், பழக்கத்துக்கு அடிமையான ஒருவன் சிறு அளவே வைத்திருந்து, தானே முன்வந்து மருத்துவம் பெறுவானாயின், வழக்கிலிருந்து விலக்கும் அளிக்கிறது. முன்னதைப் போலவே பின்னதையும் நண்பர்க்கு எடுத்துரைப்பது மாணவர் கடன்.

கீழூரில் கூடிய பிரதிநிதிகள் ஆயுதம் ஏந்தவில்லை. நாடு ஒன்றென முடிவு செய்தனர், அவ்வளவே. வரப்பின் மேல் வரையப்பட்ட கோடு அதனால் வலுவிழந்தது. நகரத்தையும் தொலைக் காட்டையும் பிரித்து நிற்கும் கோடு இன்னும் உள்ளது. அதனை அழிப்பதற்குக் காவலரின் கைத்தடியும் வேண்டும். மலைக்குச் செல்லும் சாலையும், பள்ளியும், நியாய விலையும் அதனினும் மிகுதியாக வேண்டும்.