விகிலெஸ் படை

பண்டைய ரோம் நகரின் தீயணைப்பு, இரவுக் காவல் படை. கி.மு. 22-இல் இப்பணிக்கு 600 அடிமைகள் ஒதுக்கப்பட்டிருந்தனர். அது போதாமல் போகவே, கி.பி. 6-இல் பேரரசர் அகஸ்டஸ் இப்படையை அமைத்தார். விடுதலை பெற்ற அடிமைகளே இதில் மிகுதியாகச் சேர்ந்தனர்.

நகரின் 14 வட்டாரங்களுக்கு 7 பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வட்டாரங்கள். பாசறைகளைத் தவிர, சிறு காவல் நிலையங்களும் இருந்தன. ஒரு பிரிவில் 500 பேரா, 1,000 பேரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 205, 210-ஆம் ஆண்டுப் பெயர்ப் பட்டியல்கள் ஐந்தாம் பிரிவில் ஏறத்தாழ ஆயிரம் பேரைக் காட்டுகின்றன. தொடக்கத்திலேயே அவ்வளவு பேர் இருந்தனரா, பின்னர் கூட்டப்பட்டதா என்பது தெளிவில்லை. 64-ஆம் ஆண்டுப் பெருந்தீயில் கொள்ளையடிக்கும் எண்ணத்துடன் இவர்களும் தீ வைத்ததாக வரலாற்றாசிரியர் காசியஸ் தியோ எழுதுகிறார். அவர் வாழ்ந்தது ஒரு நூற்றாண்டுக்குப் பிந்தைய காலம்.

ரோமின் உணவு கப்பலில் வந்தது. ஆகவே தானியம் இறங்கிய புத்தியோலி, ஓஸ்தியா துறைமுகங்களில், தீ விபத்தைத் தடுக்க ஒவ்வொரு படைப்பிரிவைப் பேரரசர் கிளாடியஸ் நிறுத்தினார் என்கிறார் வரலாற்றாசிரியர் சுவெதோனியஸ். அவை விகிலெஸ் பிரிவுகள்தாமா என்பது உறுதியில்லை. ஓஸ்தியாவில் பிற்காலத்தில் இவர்கள் இருந்ததற்குப் பேரரசர் ஹேட்ரியன் காலப் பாசறையே சான்று. ரோமிலிருந்து முறை வைத்து ஆட்கள் அனுப்பப்பட்டனர். முறை நான்கு மாதமாக இருக்கலாம்.

இப்படையின் அன்றாட வாழ்வில் நன்கு அறியப்படுவது மூன்றாம் நூற்றாண்டின் முற்பாதிதான். 1866-ஐ ஒட்டி, திரஸ்தெவெரே பகுதியில், இன்றைய தெருவுக்கு 8 மீட்டர் கீழே ஏழாம் பிரிவின் காவல் நிலையம் ஒன்று வெளிப்பட்டது. அதன் சுவர்களில் 215 முதல் 245 வரை காவலர்கள் கீறிய எழுத்துகள் ஏறத்தாழ நூறு இருந்தன: பெயர், செஞ்சுரியன் எனப்பட்ட படைத்தலைவரின் பெயர், மாதம், கொழுப்பு விளக்கு தொடர்பான ஒரு பணி. அப்பணி தெருவுக்கு விளக்கேற்றுவதா, ரோந்துக்குப் பந்தம் தருவதா என்பதில் ஒருமித்த கருத்தில்லை. சிலர் எல்லாம் நலம் என்று குறித்துள்ளனர். ஒருவர் தாம் களைத்துவிட்டதாகவும் மாற்றாள் அனுப்புமாறும் எழுதியிருக்கிறார். பேரரசர்களின் கல்வெட்டுகள் எவையும் இப்படையை இவ்வளவு அருகில் காட்டுவதில்லை. எழுத்துகளில் பெரும்பகுதி பின்னர் அழிந்தது. அன்று எடுத்த படிகளே இன்று ஆதாரம்.

கருவிகள்: கொக்கி, கோடரி, நீரிறைக்கும் பொறி, வினிகரில் நனைத்த கனத்த துணிகள், கீல் பூசிய புல்வாளி. இவ்வாளியால் இவர்களுக்கு ஒரு பட்டப்பெயரும் ஏற்பட்டது.

நான்காம் நூற்றாண்டில் தீயணைப்புப் பணி தொழிற்குழுவினரிடம் சென்றது.