போபால்: நின்றுபோன சங்கு

1984 டிசம்பர் 2 நள்ளிரவு. போபால் யூனியன் கார்பைடு ஆலையின் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்து, சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் வெளியேறியது. ஊரை எச்சரிக்கும் சங்கு ஊதியது. சற்று நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். சனங்க தெருவில் ஓடினாங்க. ஓட ஓட மூச்சு வாங்கி, நச்சை இன்னும் ஆழமாக இழுத்தார்கள். முகத்தில் ஈரத்துணி கட்டியிருந்தாலே பலர் பிழைத்திருக்கக்கூடும். அதை யாருமே முன்கூட்டிச் சொல்லித் தரவில்லை!

மாணவர்கள் இறந்தோர் எண்ணிக்கையோடு விடையை முடித்துவிடுகிறார்கள். நான் தேடுவது இந்தக் காரணத்தைத்தான்.

1986இல் அமெரிக்கா, ஆலைகளிலுள்ள நச்சுப்பொருள் விவரத்தை ஊராருக்குத் தெரிவிக்கச் சட்டம் இயற்றியது. 1988இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம், ஆலையும் உள்ளூர் அதிகாரிகளும் மக்களும் சேர்ந்தே ஆயத்தமாகும் 'அப்பெல்' திட்டத்தைத் தொடங்கியது.

2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவு கொட்டப்பட்டபோது மயங்கியவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன.