ஒரே சந்தை, பல ஊதியம்: ஐரோப்பிய ஒன்றியத்தில் வட்டார ஏற்றத்தாழ்வு

1957ஆம் ஆண்டு ஆறு நாடுகள் கையெழுத்திட்ட உரோம் உடன்படிக்கை, வட்டாரங்களுக்கிடையேயுள்ள வேறுபாடுகளைக் குறைப்பதும் பின்தங்கிய பகுதிகளை உயர்த்துவதும் தன் நோக்கங்களுள் ஒன்று என முகவுரையிலேயே கூறியது. ஆயின், அதற்குரிய வழியைப் பெரிதும் சந்தையின் பொறுப்பிலேயே விட்டது. பின்வந்த அரை நூற்றாண்டு வரலாறு, அப்பொறுப்பில் ஒரு பகுதி அரசுகளிடம் மெல்லத் திரும்பிய வரலாறு எனலாம்.

இவ்வணுகுமுறைக்கு ஒரு கோட்பாட்டுப் பின்னணி உண்டு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு பெர்ட்டில் ஓலின் தலைமையில் அமைத்த வல்லுநர் குழு 1956இல் தன் அறிக்கையை அளித்தது. நாடுகளுக்கிடையிலான ஊதிய வேறுபாடு பொதுவாக உற்பத்தித்திறன் வேறுபாட்டின் விளைவே. எனவே சந்தையை இணைக்குமுன் ஊதியத்தைச் சமன்செய்ய வேண்டியதில்லை என்பது அதன் முடிவு. இதற்கு விலக்காக அமைந்தது, ஆண் பெண் இருபாலார்க்கும் சம ஊதியம் வேண்டிய 119ஆம் பிரிவு. அவ்விலக்கும் நீதியுணர்வால் மட்டும் பிறந்ததன்று. சம ஊதியத்தை முன்னரே ஏற்றிருந்த பிரான்சு, தன் தொழில்கள் போட்டியில் பின்தங்கும் என அஞ்சியதும் அதற்குக் காரணமாகும்.

சந்தை தானே சமன்செய்யும் என்ற நம்பிக்கைக்குத் தென் இத்தாலி முதற் சோதனையாயிற்று. அங்கிருந்து உழைப்பாளர் மிலான், தூரின் நகரங்களுக்கும் செருமனிக்கும் பெயர்ந்தனர். பிறந்த மண்ணின் பின்னடைவோ நீடித்தது. 1975இல் வட்டார வளர்ச்சி நிதி தோன்றியது. 1988ஆம் ஆண்டுச் சீர்திருத்தம், தலைக்குரிய உற்பத்தி சராசரியில் 75 விழுக்காட்டுக்கும் குறைந்த பகுதிகளுக்கு முதன்மை அளித்தது.

2004இல் பத்து நாடுகள் புதிதாய் இணைந்தன. அப்போது, வாங்குதிறன் அடிப்படையில், ஒன்றியச் சராசரியில் ஏறத்தாழப் பாதியாக இருந்த போலந்தின் தலைக்குரிய உற்பத்தி, பின்னர் முக்கால் பங்கைக் கடந்தது. நாடுகளுக்கிடையே இடைவெளி இவ்வாறு குறைந்தபோதிலும், வார்சா ஒன்றியச் சராசரியை விஞ்சியது. போலந்தின் கிழக்கு மாவட்டங்கள் பின்தங்கியே நின்றன. நாட்டுச் சராசரி இதனை மறைத்துவிடுகிறது.

ஊதியம் எந்த ஊருக்குரியது என்னும் வினா சுவீடனில் எழுந்தது. வாக்சோல்மில் பள்ளிக் கட்டடப் பணிக்கு லாத்வியத் தொழிலாளரை அனுப்பிய லாவல் நிறுவனத்திடம் சுவீடன் தொழிற்சங்கம் உள்ளூர் ஒப்பந்த ஊதியத்தைக் கோரி, 2004இல் பணித்தளத்தை முற்றுகையிட்டது. சேவை வழங்கும் உரிமைக்கு அம்முற்றுகை முரண் என ஐரோப்பிய நீதிமன்றம் 2007 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அதற்குள் அந்நிறுவனத்தின் சுவீடன் கிளை நொடித்துப்போயிருந்தது. தொழிலாளரோ முன்னரே ஊர் திரும்பியிருந்தனர். 2018ஆம் ஆண்டுத் திருத்தம், அனுப்பப்படும் தொழிலாளர்க்கும் வேலை நடக்கும் நாட்டின் ஊதிய விதிகளே பொருந்தும் என்ற நெறியை வலுப்படுத்தியது.

இந்நெறி உழைப்பாளரைச் சுரண்டலினின்று காக்கிறது. அதே வேளையில், ஏழை வட்டாரத்தார்க்குச் சந்தையில் இருந்த ஒரே வலிமையான குறைந்த கூலியையும் அது பறிக்கக்கூடும். எனவே ஊதியச் சட்டம் ஊரை உயர்த்தும் முதலீட்டுக்கு மாற்றாகாது. முதலீடும் ஊதியக் காப்புக்கு மாற்றாகாது. ஒன்றை மட்டும் நம்பிய காலங்களில் வேறுபாடு மறையவில்லை, இடம் மட்டுமே மாறியது என்பதே இவ்வரலாறு தரும் பாடமாகும்.