அளவுமாதிரிகளில் செங்கோணம் பிடிக்கும் கருவிகள்

ரயில் நிலையம், மாடிவீடு, பாலம், விமானம், கப்பல் என எதன் சிற்றுருவைச் செய்தாலும், இரண்டு பாகங்களைப் பசை காயும்வரை ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிறுத்திவைக்க வேண்டிய கட்டம் வந்தே தீரும். அதற்கென உள்ள கருவிகள் பல: கண்ணாடித் தளம், எஃகுக் கட்டை, மூலைமட்டம், காந்தத் தட்டு, கவ்வி, ஜிக் எனப்படும் தாங்குசட்டம். புதிதாக இக்கலையில் இறங்குபவர் கையில் முதலில் சிக்குவது கவ்விதான். பாகம் சாய்கிறதென்றால் இறுக்கிப் பிடித்தால் சரியாகிவிடும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இறுக்கிப் பிடிப்பது ஒரு வேலை, இடம் காட்டி நிறுத்துவது வேறொரு வேலை. கொத்தனார் கட்டும் நூல் செங்கல்லை அழுத்துவதில்லை. கல் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டுகிறது, அவ்வளவுதான். மாதிரிகளில் செங்கோணம் தருவதும் அப்படி இடம் காட்டும் பரப்புகளே. அழுத்தம், பாகத்தை அந்தப் பரப்போடு ஒட்டி நிற்கச் செய்யும் அளவுக்கு மட்டும் போதும்.

சாய்வு சிறியதென்றாலும் அதன் விளைவு சிறியதல்ல என்பதைக் கணக்கே காட்டிவிடும். 100 மி.மீ. உயரச் சுவர் ஒரே ஒரு பாகை சாய்ந்தால், அதன் மேல்விளிம்பு 1.75 மி.மீ. விலகுகிறது. மாதிரி ரயில் உலகில் மிகப் பரவலான 1:87 அளவில், அது உண்மைக் கட்டடத்தில் 15 செ.மீ. விலகலுக்குச் சமம். சுவர் சாய்வது ஒருவகைக் கோளாறு என்றால், தரைப்படம் கோணலாவது இன்னொரு வகை. 150 மி.மீ. நீளமும் 100 மி.மீ. அகலமும் கொண்ட பெட்டி வடிவக் கட்டடத்தின் மூலைவிட்டம் இரண்டும் 180.3 மி.மீ. இருக்க வேண்டும். ஒரு மூலை ஒரு பாகை கோணினால் ஒரு மூலைவிட்டம் 181.7 ஆக நீள்கிறது, மற்றது 178.8 ஆகக் குறுகுகிறது. நாற்கோணத்தின் நான்கு கோணங்களும் சேர்ந்து 360 பாகை ஆக வேண்டும் என்பதால் மூன்று மூலைகளில் விட்ட பிழையெல்லாம் நான்காவது மூலையில் வந்து விழும். கடைசிச் சுவரைப் பொருத்தும்போதுதான் பலரும் கோளாறைக் கண்டுபிடிக்கிறார்கள். அதற்குள் மற்ற மூலைகள் காய்ந்திருக்கும். அதன்மேல் செவ்வகமாக வெட்டிவைத்த கூரை உட்காராது. கூரையை அறுத்துச் சரிக்கட்டினால் ஓட்டு வரிசை கோணலாகும். ஒரு மூலையின் பிழை இப்படிக் கட்டடம் முழுவதும் ஏறிக்கொண்டே போகிறது.

இடம் காட்டும் பரப்பு எத்தனை வேண்டும், எங்கே வேண்டும் என்பதற்குப் பட்டறைகளில் நெடுங்காலமாக ஒரு விதி உண்டு. எந்தத் திடப்பொருளுக்கும் ஆறு வகை அசைவு சாத்தியம்: முன்பின், இடவலம், மேல்கீழ் என மூன்று நகர்வு, அந்த மூன்று அச்சுகளையும் சுற்றிய மூன்று சுழற்சி. ஒரு பரப்பில் மூன்று புள்ளிகள் தொட்டால் மூன்று அசைவுகள் நின்றுவிடும். அதற்குச் செங்குத்தான இரண்டாவது பரப்பில் இரண்டு புள்ளிகள் இன்னும் இரண்டை நிறுத்தும். மூன்றாவது பரப்பில் ஒரு புள்ளி கடைசி அசைவையும் நிறுத்தும். இதை 3-2-1 விதி என்பார்கள். மாதிரிச் சுவருக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் ஒரு முக்கியமான உண்மை புலப்படும். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக் சுவரைத் தளத்தில் நிறுத்தினால், அதன் மெல்லிய அடிவிளிம்பால் மூன்று புள்ளிகளுக்கான அகலத்தைத் தர முடியாது. ஆகவே மூன்று புள்ளிகள் சுவரின் அகன்ற முகத்துக்கு உரியவை. அந்த முகம் சாய்ந்துகொள்ள உயரமான செங்குத்துக் கட்டை ஒன்று வேண்டும். அடித்தளம் இரண்டு புள்ளிகளையும், பக்கத்தடுப்பு ஒரு புள்ளியையும் தந்தால் போதும். இந்தக் கணக்கில் கவ்விக்குப் பங்கே இல்லை. சுவரின் அடியை மட்டும் பிடிக்கும் குட்டைக் கவ்வி எத்தனை வலுவாகப் பிடித்தாலும் மேல்விளிம்பு சாய்வதற்கு இதுவே காரணம்.

பசைகளின் இயல்பும் இதையே சொல்கிறது. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை ஒட்டும் மெல்லிய திரவப் பசை உண்மையில் ஒரு கரைப்பான். இரு விளிம்புகளையும் சற்றே கரைத்து, ஒன்றோடொன்று கலக்கவிட்டு, ஆவியாகிப் போய்விடும். அது நுண்ணிய இடைவெளிக்குள் நுண்புழை ஈர்ப்பால் தானாகவே ஓடிப் பரவுவதால், பாகங்களை முதலில் உலர்ந்த நிலையில் சரியாக நிறுத்திவிட்டுப் பிறகு மூட்டின் ஓரத்தில் தூரிகை முனையைத் தொட்டால் போதும். ஒட்டிக்கொள்வது சில நொடிகளில்; ஆனால் கரைப்பான் முழுதும் வெளியேறச் சில மணி நேரம் முதல் ஓர் இரவு வரை ஆகும். அதுவரை மூட்டு இளகித்தான் இருக்கிறது, ஆவியாகும்போது மெல்லிய தகட்டை உட்பக்கம் இழுக்கவும் செய்கிறது. அந்த நேரத்தில் வேண்டுவது அசையாமை. அரால்டைட் போன்ற எபாக்சி வகைகள் இடைவெளியை நிரப்பியபடியே இறுகுவதால் அவற்றைப் பிழிந்து வெளியேற்றுவதே தவறு. அட்டைக்கும் மரத்துக்கும் உரிய வெள்ளைப் பசையில் நீர் இருப்பதால் அட்டை ஊறி வளையும். அது உலர்ந்து பழைய நிலைக்குத் திரும்பும்வரை முழு முகமும் தட்டையான ஒன்றோடு சேர்ந்திருக்க வேண்டும்.

எல்லாக் கருவிகளுக்கும் அடிப்படை தட்டையான தளம். 1840இல் ஆங்கிலப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த், மூன்று தகடுகளை மாற்றி மாற்றி ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சுரண்டினால் மூன்றுமே மெய்யான தட்டையாகும் என்று விளக்கினார். இரண்டு தகடுகள் மட்டும் இருந்தால் ஒன்று குழிந்தும் மற்றது அதே அளவு புடைத்தும் பொருந்திவிடலாம். மூன்றாவது தகடு அந்த ஏமாற்றைக் காட்டிக்கொடுக்கும். அவ்வளவு உழைப்பால் கிடைத்த தட்டை இன்று வீட்டுக்கு அருகில் உள்ள கண்ணாடிக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது. இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்த முறையில், உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுத் தகடாக்குகிறார்கள். திரவப்பரப்பின் தட்டை கண்ணாடிக்கு வந்துவிடுகிறது. 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் கனமுள்ள அத்தகைய கண்ணாடித் துண்டு, விளிம்பைத் தேய்த்து மழுக்கிவிட்டால், மாதிரி வேலைக்குச் சிறந்த தளம். சிந்திய பசையைப் பிளேடால் சுரண்டி எடுத்துவிடலாம்.

தளத்தின்மேல் நிற்கும் செங்குத்துப் பரப்புக்கு எஃகுக் கட்டைகளை மிஞ்ச ஒன்றுமில்லை. 1, 2, 3 அங்குலப் பக்கங்கள் கொண்ட, கடினமாக்கி மென்தேய்ப்புச் செய்த கட்டைகள் கடைசல் பட்டறைகளுக்காக உருவானவை. நல்ல கட்டையின் முகங்கள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த பிழையோடு ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும். அவற்றின் எடையே பிடிப்பு, திருகு வேண்டியதில்லை. இரண்டு கட்டைகளை ஒரு மூலையின் உட்புறமும் வெளிப்புறமும் வைத்தால் சுவர் தானாகவே நேர்நிற்கும். காந்தத் தட்டு இதன் வசதியான வடிவம். விளிம்புகள் செங்குத்தாக எழும்பிய எஃகுத் தட்டில் பாகத்தை விளிம்போரம் நிறுத்திச் சிறு காந்தக் கட்டைகளை எதிர்ப்பக்கம் வைத்தால் அவை பாகத்தை விளிம்போடு சேர்த்துப் பிடிக்கும். ஒரே சமயத்தில் நான்கு மூலைகளையும் அமைக்கலாம் என்பது இதன் பெரிய நன்மை. ஆனால் பல தட்டுகளின் விளிம்பு உயரம் குறைவு. உயரமான சுவருக்கு அந்த விளிம்பை நம்பினால் அடிப்பகுதி நேராகவும் மேற்பகுதி தன்போக்கிலும் நிற்கும். விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே உயரமான எஃகுக் கட்டையைச் செருகுவதே இதற்குத் தீர்வு.

லெகோ கட்டைகளையும் பலர் பயன்படுத்துகிறார்கள், அது விளையாட்டல்ல. 8 மி.மீ. இடைவெளியில் அமைந்த குமிழ்களும் 9.6 மி.மீ. உயரமும் துல்லியமாக வார்க்கப்படுவதால், அடித்தகட்டில் எந்த அளவுக்கும் செங்கோண வேலி எழுப்பலாம். ஒரே கட்டடத்தைப் பலமுறை செய்பவருக்கு இது மிகவும் ஏற்றது. ஆனால் அவை ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கால் ஆனவை. பாலிஸ்டைரீனைக் கரைக்கும் பசை அவற்றையும் கரைக்கும். பசை படும் இடத்தில் டேப் ஒட்டியோ, பசை படாத பக்கத்தில் வைத்தோதான் பயன்படுத்த வேண்டும்.

உள்மூலையில் எல்லாக் கருவிகளுக்கும் ஒரு பொதுவான ஆபத்து உண்டு. கட்டையின் கூர்மூலை மூட்டின் உள்மூலையில் முட்டி நின்றால், நுண்புழை ஈர்ப்பால் ஓடும் பசை கட்டைக்கும் பாகத்துக்கும் நடுவிலும் ஓடும். பாகத்தின் முகம் கெடும். உடனொட்டுப் பசையானால் கட்டையே ஒட்டிக்கொள்ளும். பிதுங்கிய பசை கட்டையைத் தள்ளிக் கோணத்தையும் மாற்றும். இதனால்தான் ஒட்டுவதற்கென்றே செய்த கட்டைகளில் அந்த மூலையைச் சிறிது வெட்டி விட்டிருப்பார்கள். தன் கையால் மரத்திலோ அக்ரிலிக்கிலோ கட்டை செய்துகொள்பவர் முதலில் செய்ய வேண்டிய வேலை அந்த மூலையைச் சீவிவிடுவதுதான்.

இடம் காட்டும் பரப்பே செங்கோணம் தரும் என்ற வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானது, இன்றைய மாதிரித் தொகுப்புகளின் பாகங்களில் நாக்கும் துளையும் இருப்பதால் அவை தாமே நேராகப் பொருந்திவிடும் என்பது. இது பாதி உண்மை. நாக்குகள் பாகம் நிற்கும் இடத்தைச் சரியாகக் காட்டுகின்றன, கோணத்தை அல்ல. 3 மி.மீ. ஆழத் துளையில் நாக்குக்கு 0.1 மி.மீ. தளர்வு இருந்தாலே, பாகம் ஏறத்தாழ 2 பாகை சாய இடமுண்டு. அந்தத் தளர்வு இல்லாவிட்டால் நாக்கு உள்ளே போகாது. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பாகங்களின் ஓரங்களும் நேர்செங்குத்தல்ல. அச்சிலிருந்து எளிதில் கழன்று வருவதற்காக அவற்றுக்கு ஓரிரு பாகைச் சரிவு கொடுத்திருப்பார்கள். அந்த ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து நேராக்காமல் எந்த ஜிக்கில் நிறுத்தினாலும், மூட்டில் ஆப்பு வடிவ இடைவெளிதான் கிடைக்கும். உப்புத்தாளைக் கண்ணாடித் தளத்தில் விரித்து, பாகத்தை எஃகுக் கட்டையோடு சேர்த்துப் பிடித்துத் தேய்த்தால், ஒட்டுவதற்கான கருவியே ஓரத்தைத் திருத்தும் கருவியாகவும் பயன்படும்.

ஃபெவிக்விக் போன்ற சயனோஅக்ரிலேட் பசை நொடியில் பிடித்துவிடும்போது தாங்குசட்டம் எதற்கு என்பது இன்னொரு கேள்வி. ஈஸ்ட்மன் கோடாக் ஆய்வகத்தில் ஹாரி கூவர் குழுவினர் 1942இல் எதிர்கொண்ட இந்த வேதிப்பொருள் 1958இல் விற்பனைக்கு வந்தது. அதன் வேகமே தாங்குசட்டத்தைக் கட்டாயமாக்குகிறது. மெதுவான பசையில் பிழையைத் திருத்த நேரமுண்டு, இதில் இல்லை. கை நடுங்கிய அந்த நொடியின் கோணமே நிரந்தரக் கோணம். ஆகவே உலர்ந்த நிலையில் நிறுத்தி, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, பிறகே துளி விட வேண்டும். கண்ணளவே போதும் என்பாரும் உண்டு. பழகிய கண்ணுக்கு ஒரு பாகைச் சாய்வு தெரியும் என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஒட்டும்போது கண் மேலிருந்து சரிவாகப் பார்க்கிறது. பிழை தெரியவருவது, மாதிரியை அலமாரியில் கண்மட்டத்துக்கு வைத்த பிறகுதான்.

மரவேலையில் பசைக்கு அழுத்தம் இன்றியமையாதது என்பது மெய். பெரிய பலகைகளைப் பக்கவாட்டில் இணைக்கும்போது பசைப்படலம் மெல்லியதாக அழுந்தினால்தான் வலு வரும். மாதிரிகளில் மூட்டுப் பரப்பு மிகச் சிறியது. ரப்பர் வளையமோ எஃகுக் கட்டையின் எடையோ தரும் அழுத்தமே போதும். வளைந்துபோன பாகத்தை நேராக்கிப் பிடிக்க மட்டும் கவ்வி உண்மையாகவே தேவை. அங்கும் வளைந்த பாகத்தைக் கட்டையோடு சேர்த்துத்தான் கவ்வ வேண்டும், இன்னொரு மெல்லிய பாகத்தோடு அல்ல. அப்படிக் கவ்வினால் இரண்டுமே வளையும்.

விமான மாதிரிகளில் எல்லாக் கோணமும் செங்கோணம் அல்ல. பலவற்றில் இறக்கைகள் சற்றே மேல்நோக்கி உயர்ந்திருக்கும். அங்கும் நடைமுறை மாறுவதில்லை. இரு முனைகளின் அடியிலும் ஒரே உயரக் கட்டைகளை வைத்தால் இரு இறக்கைகளும் சமமாக நிற்கும். செங்குத்து வால் மட்டும் செங்கோணக் கட்டையோரம் நிற்க வேண்டும். மரக்கப்பல்களில் அடிமரத்தைத் தாங்குசட்டத்தில் நேர்நிறுத்தி, குறுக்குச் சட்டங்கள் ஒவ்வொன்றையும் கட்டையோரம் ஒட்டுவார்கள். இங்கே விட்ட பிழை பின்னர் பலகை பொருத்தும்போது மேலோட்டின் வளைவில் தெரியும்.

எந்த மூலைமட்டத்தையும் வாங்கியவுடன் சோதிப்பது எளிது. நேர்விளிம்புள்ள பலகையில் மட்டத்தை வைத்து ஒரு கோடு, பிறகு அதைத் திருப்பிப் போட்டு அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாக விழுந்தால் மட்டம் சரி. விலகினால் அதன் பிழையைப்போல் இரு மடங்கு அந்த விலகல். புதிதாகத் தொடங்குபவர் முதலில் வாங்க வேண்டியவை ஒரு கனத்த கண்ணாடித் துண்டு, ஓர் இணை எஃகுக் கட்டை, இந்தச் சோதனையில் தேறிய சிறிய மூலைமட்டம். காந்தத் தட்டை, கட்டடங்கள் பல செய்யத் தொடங்கிய பிறகு வாங்கினால் போதும்.