நார்கோ சோதனை

நார்கோ சோதனை: மயக்க மருந்தை அளவோடு ரத்தநாளத்தில் ஏற்றி, அரைமயக்கத்தில் கிடப்பவரிடம் குற்றம் பற்றிக் கேள்வி கேட்டுப் பதிவு செய்யும் விசாரணை முறை. இந்தியாவில் பெரும்பாலும் சோடியம் பென்டதால் பயன்படுகிறது. அந்த நிலையில் ஒருவரால் பொய் சொல்ல முடியாது என்று காவல் துறை நம்புகிறது. அறிவியல் இதை ஏற்கவில்லை. மருந்து தயக்கத்தைத்தான் போக்குகிறது. உண்மை நினைவோடு கற்பனையும், கேட்பவர் எடுத்துக்கொடுத்த சொல்லும் கலந்தே வெளிவருகின்றன.

இதன் தொடக்கம் ஒரு பிரசவ வீடு. 1916இல் டெக்சாஸ் மருத்துவர் ராபர்ட் ஹவுஸ், ஸ்கோபோலமின் என்ற மயக்க மருந்து கொடுத்துப் பிரசவம் பார்த்தார். குழந்தையை நிறுக்கத் தராசு கேட்டபோது, தேடிப் பார்த்த கணவர் காணவில்லை என்றார். மயக்கத்தில் இருந்த தாயோ, சமையலறையில் படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது என்று தெளிவாகச் சொன்னார். மருந்து உண்மையை வரவழைக்கும் என்று ஹவுஸ் முடிவு கட்டியது இப்படித்தான். 1922இல் டல்லாஸில் கைதிகள் இருவரிடம் சோதித்தார். நிரபராதிகளை மீட்பதே அவர் நோக்கம். காவல் துறைகளோ வாக்குமூலம் வாங்க அதை எடுத்துக்கொண்டன. அத்தகைய மருந்தின் பிடியில் பெற்ற வாக்குமூலம் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963இல் தீர்ப்பளித்தது.

அங்கே ஒதுங்கிய முறை 2000க்குப் பிறகு இந்தியாவில் வேகமாகப் பரவியது. அடி உதைக்கு மாற்று என்று காவல் துறை இதை முன்வைத்தது. போலி முத்திரைத்தாள் வழக்கில் சிக்கிய தெல்கியின் சோதனைக் காட்சிகள் தொலைக்காட்சியிலேயே ஓடின. மயக்கத்தில் உளறும் மனிதரை நாடே பார்த்தது. மும்பை உயர் நீதிமன்றம் 2004இலும் சென்னை உயர் நீதிமன்றம் 2006இலும் இச்சோதனைக்கு இடம் கொடுத்தன. இத்தகைய சோதனைகளுக்குப் பேர்போன பெங்களூரு தடய அறிவியல் ஆய்வகத்தில் அவற்றை நடத்திய அதிகாரி, சான்றிதழ்கள் போலி என்ற புகாரில் 2009இல் பணிநீக்கம் செய்யப்பட்டார்.

இதன் உடன்பிறப்பு மூளை வரைவுச் சோதனை. தலையில் மின்முனைகள் பொருத்தப்பட்டவர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க, “ஆர்சனிக் வாங்கினேன்” என்பதுபோன்ற வாக்கியங்கள் ஒலிக்கும். மூளை அலைகளைக் கொண்டு, அது அவர் அனுபவித்த நினைவா என்று கணினி சொல்லும். 2008இல் புனே நீதிமன்றம் இம்முடிவையும் ஏற்று ஒரு பெண்ணுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அதே ஆண்டில் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸின் இயக்குநர் தலைமையிலான குழு, இம்முறை அறிவியல்பூர்வமானதல்ல என்று கூறிவிட்டது.

2010 மே 5இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம், நார்கோ, மூளை வரைவு, பாலிகிராஃப் (பொய் கண்டறியும் கருவி) ஆகிய மூன்றையும் கட்டாயப்படுத்தி நடத்தக் கூடாது என்றது. அரசியலமைப்பின் 20(3), 21 ஆகிய பிரிவுகளே அடிப்படை. சம்மதித்து உட்பட்டாலும் சோதனை முடிவு சாட்சியமாகாது. ஆனால் அதன் வழியே பின்னர் கிடைக்கும் பொருளையோ தகவலையோ ஏற்கலாம். காவல் துறை இன்றும் இச்சோதனைகளைக் கைவிடாததற்கு இந்த விலக்கு ஒரு காரணம். சம்மதத்தை நீதித்துறை நடுவர் முன் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. லாக்கப்புக்குத் திரும்பிப் போக வேண்டிய ஒருவர் நடுவர் முன் எவ்வளவு சுதந்திரமாக மறுக்க முடியும் என்ற கேள்விக்கு விதியில் பதில் இல்லை. மறுத்தாலோ, ஒளிக்க ஏதோ இருக்கிறது என்று ஊர் பேசுகிறது.

தமிழ்நாட்டில் 2012இல் திருச்சியில் நடந்த ராமஜெயம் கொலை வழக்கில், பத்தாண்டுகளுக்குப் பிறகும் சந்தேகத்துக்கு உள்ளானோரிடம் பாலிகிராஃப் நடத்தப்பட்டது. பீகார் வழக்கு ஒன்றில், குற்றம் சாட்டப்பட்ட அனைவருக்கும் நார்கோ நடத்துவோம் என்று காவல் துறை சொன்னதைப் பாட்னா உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் அந்த உத்தரவை ரத்து செய்தது.